கணவரின் பெயர் தலைப்பில் ஏறிய நாள்: யாழ்ப்பாண ஆசிரியபீடம் ஒன்றின் பெயர் விதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலை ஒட்டி, யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில், பெண் வேட்பாளர்களின் பெயரை எழுதுவதில் நடந்த தவறும் அதன் திருத்தமும் பற்றியது இது. இதழுக்கு அச்சுப் பதிப்பும் இணையத்தளமும் உண்டு. ஆட்களின் பெயர், சபையின் பெயர், இதழின் பெயர் மூன்றும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. பொதுவாழ்வில் எல்லோரும் அறிந்தவர்களின் பெயர்கள் மட்டும் எடுத்துக்காட்டுக்காக வருகின்றன.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 சபைகள். 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் சபைகள் உறுப்பினர் இன்றியே ஓடின. ஆகவே 2025 மார்ச்சில் வேட்புமனுக்கள் வந்தபோது, அந்த இதழ் அதற்கு முன் ஒரு தடவைகூட அச்சிட்டிராத பெயர்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. அவற்றில் பெண்களின் பெயர்கள் கணிசம். 2017 திருத்தச் சட்டத்தின்படி வட்டார வேட்பாளரில் குறைந்தது 10 சதவீதமும், வட்டாரம் இல்லாமல் கட்சி தரும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமும் பெண்களாக இருக்க வேண்டும். சபையில் 25 சதவீதம் அவர்களுக்கு என்பது இலக்கு. ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரத்தால், 40 சதவீதம் பட்டியலால் நிரம்பும்.

இன்னொரு விடயத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பெயருக்கு ஏன் இவ்வளவு பாடு என்பது விளங்கும். இந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது. கட்சியின் பெயரும் சின்னமும்தான். கட்சிக்குள் ஒருவரைத் தெரிய உதவும் விருப்பு இலக்கமும் இல்லை. வட்டாரத்தில் நிற்பவர் யார் என்று வாக்காளர் அறிவது சுவரொட்டியாலும், வீட்டுப் படலைக்கு வரும் ஆட்களாலும், பத்திரிகையாலும்தான். பத்திரிகை பெயரைக் குழப்பினால் அதைச் சரிபார்க்க வாக்குச்சீட்டு உதவாது.

யாழ்ப்பாணத்துப் பெயர் முறை

ஐரோப்பியர் சொல்லும் அர்த்தத்தில் குடும்பப் பெயர் நமக்கு இல்லை. எம்.ஏ. சுமந்திரன், சி.வி. விக்னேஸ்வரன் என்னும்போது கடைசியில் நிற்பது அவரவர் சொந்தப் பெயர். அங்கஜன் இராமநாதன் என்னும்போது சொந்தப் பெயர் முன்னால், தகப்பன் பெயர் பின்னால். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தில் பின்னால் இருப்பது பாட்டனாரின் பெயர். அந்தக் குடும்பத்தில் அது ஏறக்குறைய குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. ஆனால் தலைப்பில் ஏறுவது எப்போதும் சொந்தப் பெயர்தான்: சுமந்திரன், விக்னேஸ்வரன், அங்கஜன், கஜேந்திரகுமார். பெயரின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மணமான பெண்ணின் பெயரில் சொந்தப் பெயர் முன்னால், கணவர் பெயர் பின்னால் வருவது இன்றைய வழக்கம். விஜயகலா மகேஸ்வரன், அனந்தி சசிதரன், 1998இல் யாழ். மாநகர முதல்வராகத் தெரிவாகி அதே ஆண்டு மே மாதம் கொல்லப்பட்ட சரோஜினி யோகேஸ்வரன். மூவர் பெயரிலும் இரண்டாவதாக நிற்பவர் வேறொரு ஆள். அதிலும் மகேஸ்வரனும் யோகேஸ்வரனும் தாமாகவே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, சுடப்பட்டு இறந்தவர்கள். இந்த ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறு எங்கே தொடங்கியது என்பது தெரியும்.

முறைப்பாடு

மார்ச் கடைசி வாரம் வலிகாமத்துப் பிரதேச சபை ஒன்றுக்குப் போட்டியிட்ட பெண் வேட்பாளர் ஒருவர் ஆசிரியபீடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கூட்டுறவுச் சங்கமொன்றில் நீண்டகாலம் கணக்குப் பார்த்தவர், பின்னர் அதன் நிருவாகத்திலும் இருந்தவர். முதல்நாள் வெளியான கூட்டச் செய்தியில் நான்கு பேச்சாளர்கள். மூன்று ஆண்களுக்கும் தலைப்பெழுத்து, அதாவது பெயருக்கு முன்னால் வரும் எழுத்து, இருந்தது. ஒருவருக்கு 'முன்னாள் தவிசாளர்', இன்னொருவருக்கு 'சட்டத்தரணி' என்ற அடையாளமும் இருந்தது. இவருக்கு மட்டும் சொந்தப் பெயரும் அதன் பின்னால் 'அக்கா'வும். படத்தின் கீழே அதுவும் இல்லை. 'பெண் வேட்பாளர் ஒருவரும் படத்தில்' என்றிருந்தது.

அவர் கேட்டது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது: "எல்லாருக்கும் எழுத்துப் போட்டிருக்கிறியள். என்ரை அப்பாவுக்குப் பேர் இல்லையோ?"

நிருபர் அனுப்பியதைத்தான் போட்டோம் என்று முதலில் பதில் சொல்லப்பட்டது. அது உண்மைதான். ஆனால் அனுப்பியது அப்படி ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதே வாரம் வேறொரு கட்சியின் பெண் வேட்பாளரிடமிருந்தும் ஏறத்தாழ இதே குறை வந்த பிறகே, செய்தி ஆசிரியர் 14 நாள் இதழ்களை எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

14 நாள் இதழ்கள்

இருவர் தனித்தனியே, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், ஒரே விரிதாளில் குறித்தார்கள். ஒரு செய்தியில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. நிரல்கள் ஆறு: தலைப்பில் எப்படி, முதல் குறிப்பில் எப்படி, அடுத்த குறிப்புகளில் எப்படி, பதவி அல்லது தொழில், உறவுக் குறிப்பு, படவிளக்கம். முதல்நாள் ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனியே எண்ணத் தொடங்கினார்கள். நீண்ட செய்தி ஒன்றில் ஒரே ஆள் ஒன்பது தடவை வந்ததால் எண்ணிக்கை முழுவதும் அந்த ஆள் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் செய்திக்கு ஓர் ஆள், ஒரு வரி என்று மாற்றினார்கள். கட்டண விளம்பரமும் மரண அறிவித்தலும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

சனங்கள் எதிர்பார்த்த வேறுபாடு ஒன்று இல்லவே இல்லை. பெண்ணைச் சொந்தப் பெயராலும் ஆணைக் குடும்பப் பெயராலும் குறிப்பது அமெரிக்காவில் நன்றாக அளந்து பார்க்கப்பட்ட விடயம். 2018இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வில், துறைசார்ந்த ஆண்களைக் குடும்பப் பெயரால் மட்டும் குறிப்பது பெண்களைக் குறிப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். அரசியல் வானொலிப் பேச்சும் அதற்குள் அடங்கும். குடும்பப் பெயரால் குறிக்கப்பட்ட ஆளை வாசிப்பவர் கூடுதல் புகழுடையவராகக் கருதுகிறார் என்பதும் அதில் தெரிந்தது. நமது பக்கத்தில் அந்த அளவுகோல் வேலை செய்யாது. ஆணும் பெண்ணும் சொந்தப் பெயரால்தான் வருகிறார்கள். கொழும்புத் தலைவர்கள்கூட நமது தலைப்புகளில் மகிந்த, ரணில், அநுர, ஹரிணி என்றுதான். வினைமுற்றிலும் வேறுபாடில்லை, இருபாலாருக்கும் 'கூறினார்', 'தெரிவித்தார்'.

வேறுபாடு இருந்தது பெயரைச் சுற்றி. முதலாவது, தலைப்பெழுத்து. ஆணுக்கு வழமையாக இருந்தது, பெண்ணுக்கு வழமையாக விடுபட்டது. காரணம் அலட்சியம் மட்டுமல்ல. பெண்ணின் முன்னெழுத்து தகப்பனுடையதா, கணவருடையதா என்று பிரதேச நிருபருக்குத் தெரியாது; பிழையாகப் போடுவதைவிட விடுவது பாதுகாப்பு என்று விட்டுவிடுகிறார். அதற்கு மேல், கட்சிக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியலிலேயே பெண் பெயர் சுவரொட்டியில் உள்ளபடி, அதாவது சொந்தப் பெயரும் உறவுச்சொல்லுமாக வருகிறது.

இரண்டாவது, 'திரு' பல வருடங்களுக்கு முன்பே அந்த இதழின் செய்திகளிலிருந்து போய்விட்டது. 'திருமதி'யும் 'செல்வி'யும் போகவில்லை. யாரும் தீர்மானித்து வைத்திருந்ததல்ல, எடுக்க மறந்தது. அதன் விளைவு, ஆண் வேட்பாளருக்கு மணமாகிவிட்டதா என்பது செய்தியில் வராது, பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் வரும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கூடுதல்: பெயரே இல்லாமல் 'பெண் வேட்பாளர்', 'பெண் உறுப்பினர்' என்று எழுதுவது. இதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதுதான் வேடிக்கை. வட்டாரத்தில் நிற்பவரை 'இன்ன வட்டார வேட்பாளர்' என்று அடையாளம் காட்டலாம். பட்டியலில் இருப்பவருக்கு வட்டாரம் இல்லை. பட்டியலில் பாதிப்பேர் பெண்கள். அடையாளம் காட்டச் சொல் கிடைக்காத நிருபர் பெண் என்பதையே அடையாளமாக்கிவிடுகிறார்.

உறவுக் குறிப்பு, அதாவது 'முன்னாள் உறுப்பினர் இன்னாரின் மனைவி', எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வந்த இடங்களில் முதல் வசனத்திலேயே வந்தது.

முதல் தீர்மானம்

ஏப்ரல் நடுப்பகுதியில், புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு, ஒரு விதி எழுதி மேசைகளில் ஒட்டப்பட்டது. எழுதியவர் வெளிநாட்டு ஆங்கிலச் செய்தி முகவரகத்துக்கு வேலை செய்த அனுபவமுள்ள பிரதி ஆசிரியர். முதல் குறிப்பில் முழுப்பெயர். அடுத்த குறிப்புகளிலும் தலைப்பிலும் பெயரின் கடைசிப் பகுதி மட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. திருமதி, செல்வி, அக்கா, அம்மா எதுவும் வேண்டாம்.

எண்ணம் நல்லது. திருமதியை எடுத்ததும் உறவுச்சொல்லை எடுத்ததும் சரியே. முழுப்பெயர் வேண்டும் என்பதால் நிருபர்கள் பெயரைக் கேட்டு எழுதவும் தொடங்கினார்கள். கடைசிப் பகுதி என்ற ஒரு சொல்லில்தான் பிழை இருந்தது. விதியை யாரும் உண்மையான பெயர்ப்பட்டியல் ஒன்றின் மேல் வைத்துப் பார்க்கவில்லை. பத்துப் பெயர் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். மூன்றாவது பெயரிலேயே தெரிந்திருக்கும்.

தவறு நடந்த நாள்

விதி வந்து ஒரு வாரம் கடந்திருந்தது. மேலே சொன்ன அதே வேட்பாளர் ஒரு கூட்டத்தில், பொதுச்சந்தைக் கடைகளைக் குத்தகைக்கு விட்டதில் முறைகேடு நடந்ததாகப் பேசினார். செய்தியின் முதல் வரியில் அவரது முழுப்பெயர் சரியாகவே இருந்தது. தலைப்பில், விதிப்படி, பெயரின் கடைசிப் பகுதி: கணவரின் பெயர், தனியாக. 'சந்தைக் குத்தகையில் முறைகேடு' என்று குற்றஞ்சாட்டுகிறார் இன்னார்.

கணவர் அரச திணைக்களம் ஒன்றில் பதவிநிலை உத்தியோகத்தர். அரச ஊழியருக்கான விதிநூலான தாபனக் கோவையின்படி அந்தத் தரத்தில் உள்ளவர்களுக்கு அரசியல் உரிமை கிடையாது. அரசியல் மேடையில் பேசுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம். ஊரில் அந்தப் பெயரில் அறியப்பட்டவரும் அவர்தான். இணையத்தளத்தின் அறிவித்தல் கைத்தொலைபேசிகளுக்குப் போகும்போது தலைப்பு மட்டுமே போகும்; செய்தி உள்ளே இருக்கும். மாலைக்குள் தலைப்பின் படம் முகநூலில் சுற்றியது. மறுநாள் காலை அவரிடம் அலுவலகத்தில் எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டது.

அச்சுப் பக்கம் மூன்று பேரின் கையால் போயிருந்தது. உப ஆசிரியர் விதியைப் பார்த்தார், விதிப்படி இருந்தது. ஒப்புநோக்குபவர் எழுத்துப்பிழை பார்த்தார், பிழையில்லை. பக்கம் வடிவமைத்தவர் தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்குகிறதா என்று பார்த்தார். அடங்கியது, பெயர் சின்னதாக இருந்ததால். மூவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள்.

திருத்தம் மூன்று வகையில் செய்யப்பட்டது. இணையத் தலைப்பு அன்றே மாற்றப்பட்டது; ஆனால் ஏற்கெனவே வட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்புகளில் பழைய தலைப்பின் முன்தோற்றம் அப்படியே நின்றது, அதை மேசையிலிருந்து மாற்ற வழியில்லை. அடுத்த நாள் அச்சில், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், பேசியவர் யார் என்பதை முழுப்பெயருடன் சொல்லித் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தில் கணவரின் பதவியோ திணைக்களமோ சொல்லப்படவில்லை. சொன்னால் அறியாதவர்களுக்கும் அறியக் கொடுத்ததாகிவிடும் என்பதால். மூன்றாவதாக, கூட்டத்தில் கணவர் பேசவில்லை, தலைப்பின் தவறு இதழுடையது என்று ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டது. திணைக்கள விளக்கம் அந்தக் கடிதத்தோடு முடிந்தது.

விதி ஏன் தவறியது

ஆங்கிலத்தில் கடைசிப் பெயர் குடும்பத்துக்கே சொந்தம்; அந்த வீட்டில் யாரைக் குறித்தாலும் அது அவருடைய பெயரும்தான். நமக்குக் கடைசிப் பெயர் ஒரு தனி ஆளின் பெயர். அந்த ஆள் உயிரோடு, அதே ஊரில், அதே கந்தோரில் இருக்கிறார்.

ஆங்கிலத்திலும் இது எப்போதும் சுமுகமாகப் போனதில்லை. 1984இல் அமெரிக்க உபஜனாதிபதி வேட்பாளராக நின்ற ஜெரல்டின் பெராரோ தகப்பன் வழிப் பெயரையே வைத்திருந்தார். கணவர் பெயர் சக்காரோ. நியூயோர்க் ரைம்ஸ் அவரைத் 'திருமதி பெராரோ' என்று எழுதியது. கண்டிப்பாகப் பார்த்தால் திருமதி பெராரோ என்பவர் அவருடைய தாயார். மணநிலை காட்டாத அடைமொழியை அந்தப் பத்திரிகை 1986இல்தான் ஏற்றுக்கொண்டது. ஹிலரி கிளின்ரன் விடயத்திலும், கிளின்ரன் என்று மட்டும் எழுதினால் முன்னாள் ஜனாதிபதியான கணவரோடு குழம்பும் என்ற காரணம் இருந்தது. அவருடைய பிரசாரப் பலகைகளிலேயே 'ஹிலரி' என்றுதான் இருந்தது.

இலங்கைத் தலைவர்கள் செய்த ஒப்பந்தங்களின் பெயர்களை அடுக்கிப் பார்த்தாலும் இதே கதைதான். 1957இல் பண்டா–செல்வா, 1965இல் டட்லி–செல்வா, இடையில் 1964இல் சிறிமா–சாஸ்திரி. பண்டாரநாயக்கவுக்குக் குடும்பப் பெயரின் சுருக்கம் போதுமாக இருந்தது. சிறிமாவோவுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது, கணவர் எடுத்தாயிற்று. அதைப் பெண் என்பதற்காக என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. டட்லிக்கும் சேனநாயக்க என்ற பெயர் கிடைக்கவில்லை, தகப்பன் டி.எஸ். எடுத்தாயிற்று. முன்னால் வந்தவர் பெயரை எடுத்துக்கொள்கிறார், பின்னால் வருபவர் சொந்தப் பெயரோடு நிற்கிறார். அரசியலில் பெண்கள் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. செல்வாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. செல்வநாயகம் அவருடைய சொந்தப் பெயர்.

இரண்டாம் தீர்மானம்

ஒட்டிய தாள் அன்றே கழற்றப்பட்டது. புதிய விதி பெயரின் இடத்தைப் பார்க்காமல் பெயர் யாருடையது என்பதைப் பார்த்தது. அதற்கு முதலில் தெரிய வேண்டியது, எது யாருடைய பெயர் என்பது. அதைக் கேட்காமல் அறிய வழியில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெயர்ச்சீட்டு என்று தொடங்கினார்கள். தொலைபேசியில் நான்கு கேள்விகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே நான்கு:

1. உங்கள் சொந்தப் பெயர் எது? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.
2. தலைப்பெழுத்து எது, அது யாருடைய பெயரின் எழுத்து?
3. பெயரில் இன்னொருவரின் பெயர் சேர்ந்திருந்தால் அது யாருடையது?
4. தலைப்பில் ஒரே ஒரு சொல் போட இடமிருந்தால் எந்தச் சொல்?

எழுத்துக்கூட்டச் சொன்னது வீண் வேலையல்ல. சிறீ, ஸ்ரீ, சிறி என்று ஒரே பெயர் மூன்று மாதிரி வரும். ரஜனி ஒருவர், றஜனி இன்னொருவர், ரஜினி மூன்றாமவர். ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போகவில்லை. எல்லோரையும் எடுப்பது முடியாத காரியம் என்பதால் வட்டார வேட்பாளர்களை முதலிலும், பட்டியலில் உள்ளவர்களைச் செய்தியில் வரும்போதும் என்று வைத்துக்கொண்டார்கள். விரிதாளில் நான்காவது விடை மஞ்சள் நிறத்தில். தலைப்பு எழுதுபவர் அந்த நிரலை மட்டும் பார்த்தால் போதும்.

எழுதும் முறை சுருக்கமானது. முதல் குறிப்பில் அவர் சொன்ன முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு. பதவி அல்லது வட்டாரம். அடுத்த குறிப்புகளில் சொந்தப் பெயர் மட்டும், அல்லது 'அவர்'. தலைப்பில் சொந்தப் பெயர் அல்லது பதவி. கணவர், தகப்பன் பெயர் தனியாக ஏறவே கூடாது. 'பெண்' என்ற சொல் செய்தியே ஒதுக்கீட்டைப் பற்றியதாக இருந்தால் மட்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'ஆண்' என்று போட்டு வாசித்துப் பார்க்க வேண்டும்: 'வடிகாலைத் துப்புரவு செய்யுமாறு ஆண் உறுப்பினர் கோரிக்கை' என்பது சிரிப்பைத் தந்தால், பெண்ணையும் எடுத்துவிடலாம். பட்டியலில் வந்தவரை, கட்சியின் பெயரோடும் பட்டியல் உறுப்பினர் என்றும் எழுதலாம். அதில் பால் தேவையில்லை. உறவுக் குறிப்பு அந்த வசனத்தின் செய்திக்கு அவசியமானால் மட்டும்.

விதிக்கு வந்த எதிர்ப்புகள்

எதிர்ப்பு பெண்களிடமிருந்தும் வந்தது. அதைத் தள்ளிவிட முடியவில்லை. போரில் கணவரை இழந்த ஒருவர், தலைப்பிலும் கணவர் பெயர் வரவேண்டும் என்றார். ஊர் தன்னை அறிவது அந்தப் பெயரால், தான் அரசியலுக்கு வந்ததும் அந்தப் பெயருக்காக என்றார். அவருக்கு இரண்டு பெயரும் சேர்ந்து தலைப்பில் போடப்பட்டது. கணவர் பெயர் தனியாக நிற்பதுதான் தடை, சேர்ந்து நிற்பது தடையல்ல. இன்னொருவர் 'ரீச்சர்' வேண்டும் என்றார். முப்பது வருடம் படிப்பித்தவர். ஊரில் அது உறவுச்சொல் அல்ல, தொழில்பெயர். ஓய்வுபெற்ற ஆண் ஆசிரியருக்கு 'மாஸ்ரர்' போட்டால் இவருக்கும் போடலாம் என்று விடை கொடுக்கப்பட்டது. நடைமுறையில் இருவருக்கும் 'ஓய்வுநிலை ஆசிரியர்' என்று முதல் குறிப்பில் எழுதி முடித்தார்கள்.

ஆசிரியபீடத்துக்குள் மூத்தவர் ஒருவர் கேட்டது கடினமான கேள்வி: "பொம்பிளையின்ரை பேரை மொட்டையாய்ப் போடுறது மரியாதையோ?" ஆணின் பெயர் மொட்டையாக நின்றால் பொதுவாழ்வு, பெண்ணின் பெயர் மொட்டையாக நின்றால் அவமரியாதை என்று நமது காதுக்குப் படுவது உண்மை. அந்தக் காது ஒரு நாளில் மாறாது. மரியாதையை வினைமுற்று சுமக்கிறது, 'கூறினார்' என்பதிலேயே அது இருக்கிறது என்ற வாதம் கடைசியில் எடுபட்டது. முதல் குறிப்பில் பதவியைப் பெயருக்கு முன்னால் வைத்ததும் ஓரளவு உதவியது.

மேற்கோளில் விதி செல்லாது. யாழ்ப்பாணப் பேச்சில் பெண்ணுக்கு மரியாதைச் சொல் 'அவ'. 'அவ சொன்னா' என்பதில் குறைவு எதுவும் இல்லை. அதை மேற்கோளில் 'அவர் சொன்னார்' என்று மாற்றினால் பேசியவர் வாயில் இல்லாத மொழியாகிவிடும். 'அவள்' என்று திருத்தினால் அதைவிட மோசம். ஓர் இளம் நிருபர், எழுத்துவழக்காக்குகிறேன் என்று அப்படியும் ஒரு தடவை செய்துவிட்டார். அச்சுக்குப் போகும் முன் பிடிபட்டது. கட்சிப் பெரியவர்கள் 'அந்தப் பிள்ளை' என்று பேசினால் மேற்கோள் குறிக்குள் அப்படியே விடுவது, குறிக்கு வெளியே பெயர் என்று வைத்தார்கள். முப்பத்தெட்டு வயது வேட்பாளர் பிள்ளையா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

பின்விளைவு

முறைப்பாடு தந்த வேட்பாளர் வட்டாரத்தில் வெல்லவில்லை. பட்டியல் மூலம் சபைக்குப் போனார். யூன் மாதம் சபைகள் கூடி, தவிசாளர் தெரிவுகள் நடந்தன. அந்த நாட்களில் ஒரே பக்கத்தில் ஐந்தாறு சபைகளின் பெயர்கள் வந்தன. பெயர்ச்சீட்டு இல்லாத புதியவர்களுக்கு அவசரத்தில் வர்த்தமானியில் வந்த பெயர் எடுக்கப்பட்டது. அதில் பெயர் வரிசை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், எது சொந்தப் பெயர் என்று தெரியாத இடங்களில் தலைப்பில் பதவி மட்டும் போடப்பட்டது. அது பாதுகாப்பான வழி. ஆனால் எல்லாத் தலைப்பும் 'தவிசாளர்', 'உறுப்பினர்' என்று ஒரே மாதிரி இருந்தது என்பதும் மறுக்க முடியாதது.

யூலையில் மறுபடி 14 நாள் இதழ்கள், அதே இருவர், அதே ஆறு நிரல். தலைப்பெழுத்து விடுபடுவது நின்றிருந்தது. திருமதி, செல்வி செய்தியில் இல்லை. பெயரற்ற 'பெண் உறுப்பினர்' செய்தியில் அருகி, படவிளக்கத்தில் மட்டும் பழையபடி இருந்தது: படப்பிடிப்பாளர் சபை முடிந்ததும் வரிசையாக நிற்கச் சொல்லி எடுக்கிறார், ஆண்களின் பெயர் அவருக்குத் தெரியும், பெண்களின் பெயர் தெரியாது. விரிதாள் அவருடைய கையில் இல்லை, மேசையில் இருக்கிறது.

விதி தொடாத இடத்தில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. பெயர் சமமானதும் வினைச்சொல் தெரிந்தது. ஒரே சபை அமர்வில், ஒரே வடிகால் பிரச்சினையை எழுப்பிய ஆண் உறுப்பினர் 'கண்டித்தார்', 'வலியுறுத்தினார்'. பெண் உறுப்பினர் 'கேட்டுக்கொண்டார்', 'ஆதங்கம் தெரிவித்தார்'. இதற்கு இன்னும் விதி எழுதப்படவில்லை. எழுதுவது சரியா என்பதிலும் இருவருக்குள் இணக்கமில்லை. அந்தப் பெண் உறுப்பினர் உண்மையாகவே கண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். அமர்வின் ஒலிப்பதிவை வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

மறுபடி செய்வதானால்

பெயர்ச்சீட்டை வேட்புமனு ஏற்கும் வாரத்திலேயே தொடங்க வேண்டும். அப்போது எல்லாக் கட்சிக்காரரும் கச்சேரியடியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் தேடுவதைவிட அது பாதிநேரம். புதிய விதி எதையும் ஒட்டுவதற்கு முன் அன்றைய பக்கத்திலிருந்து பத்துப் பெயர் எடுத்து, தலைப்பு எழுதிப் பார்க்க வேண்டும். மணமான பெண்கள் மூவர், மணமாகாதவர் ஒருவர், தகப்பன் பெயர் பின்னால் வரும் ஆண் ஒருவர், கிறிஸ்தவப் பெயர் உள்ளவர் ஒருவர், முஸ்லிம் பெயர் உள்ளவர் ஒருவர் அந்தப் பத்துக்குள் கட்டாயம். தலைப்பை, உள்ளே உள்ள செய்தியைப் படிக்காத ஒருவரிடம் காட்டி, 'இது யார்?' என்று கேட்க வேண்டும். கைத்தொலைபேசி அறிவித்தலில் வாசகர் காண்பதும் அவ்வளவுதான்.

படப்பிடிப்பாளர்களுக்கு, அவர்கள் போகும் சபையின் பெயர்ச்சீட்டுகள் மட்டும் அடங்கிய ஒரு தாள் இப்போது அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. சொந்தப் பெயர் தடித்த எழுத்தில், பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் வரிசைக்கு ஒரு வெற்றுக் கட்டம். படம் எடுத்த கையோடு இடமிருந்து வலமாக 1, 2, 3 என்று அதில் இலக்கம் போட்டுக்கொண்டு வர வேண்டும்.